தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்த தடி: இது என்ன கருவி?

இரணியல்வீடு எழுதியது:

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியல் பக்கத்தில் இருக்கும் எங்கள் தாத்தா வீட்டைப் பிரித்துக் கட்டப்போகிறோம். பரணைக் காலி செய்தபோது பழைய தறிச் சாமான்களுக்கு நடுவே ஒரு மரத்தடி கிடைத்தது. வீட்டில் யாருக்கும் இது என்னவென்று தெரியவில்லை. இங்கே கேட்டால் பதில் கிடைக்கும் என்று நம்பி எழுதுகிறேன், படமும் இணைத்திருக்கிறேன்.

தடியின் நீளம் 58 செ.மீ. ஒரு முனை மெல்லியது, கட்டைவிரல் மொத்தம் இருக்கும். அந்த முனையிலிருந்து ஒரு செ.மீ. தள்ளிக் குறுக்கே ஒரு துளை. மறுமுனையில் உருட்டிக் கடைந்த குமிழ், அதன் கழுத்தில் இரண்டு வளையம். குமிழின் அடியைத் திருப்பிப் பார்த்தால் மரத்துக்குள் சாம்பல் நிற உலோகம் வட்டமாகத் தெரிகிறது. குறுக்களவு 22 மில்லிமீட்டர்.

தடியின் மேற்பக்கத்தில் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள் பதித்திருக்கிறார்கள். பித்தளை என்று நினைக்கிறேன். மரத்தோடு மட்டமாகத் தேய்ந்து போயிருப்பதால் ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரே மாதிரி இல்லை.

மணல் காகிதம் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துப் புது வீட்டுக் கூடத்தில் வைக்கலாம் என்று தச்சர் சொல்கிறார். அதற்கு முன் இது என்னவென்று தெரிந்துகொள்ள ஆசை.

கடற்கரைக்காற்று எழுதியது:

படத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, பெரிய மீனைப் படகில் ஏற்றியதும் தலையில் அடிக்கிற கட்டை. எங்கள் பக்கம் அதற்கு இதே நீளத்தில் ஒரு தடி வைத்திருப்பார்கள். குமிழில் உலோகம் ஏற்றியிருப்பதும் அடி பலமாக விழத்தானே?

மதுரைவாசகி எழுதியது:

வளரியாக இருக்குமா? எறிவதற்கு ஒரு முனை கனமாக இருக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் வைத்திருந்தார்கள்.

மரவாசம் எழுதியது:

வளரி வளைந்திருக்கும் அக்கா, பிறை மாதிரி. இது நேர்த்தடி. அதோடு கடைசல் வேலை இவ்வளவு நேர்த்தியாகச் செய்த ஒன்றை யாரும் எறிய மாட்டார்கள்.

மீன் கட்டை என்பதற்கும் எனக்கு ஒரு தடை இருக்கிறது. அடிக்கிற கருவி என்றால் குமிழில் நசுங்கலும் வெட்டுக் காயமும் இருக்க வேண்டும். முப்பது வருடமாகச் சுத்தியும் கொட்டாப்புளியும் பிடிக்கிறவன் நான். அடி வாங்கிய மரத்தின் முகம் பார்த்தவுடன் தெரியும். இந்தக் குமிழ் வழவழவென்று இருக்கிறது. தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள் தம்பி. பழைய கருவியில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். கை பட்ட இடம், கயிறு பட்ட இடம், இரும்பு பட்ட இடம் மூன்றும் மூன்று விதமாகத் தேயும்.

மரம் புளியின் வைரம் போலத் தெரிகிறது. படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

தறிநாடா எழுதியது:

தறிச் சாமான்களோடு கிடைத்தது என்கிறீர்கள். நான் சேலத்தில் தறி ஓட்டும் குடும்பம். படமரம், அச்சு, விழுதுக் கழி, பாவு சுற்றும் கட்டை, தார் சுற்றும் ராட்டை என்று எல்லாவற்றையும் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன், இது எதிலும் சேரவில்லை. தறியில் அளவுப் புள்ளி வைத்தால் சம இடைவெளியில்தான் வைப்போம். துணியின் அகலத்தை அளக்க வேறு எப்படி வைக்க முடியும்? உங்கள் படத்தில் மெல்லிய முனையை நெருங்க நெருங்கப் புள்ளிகள் நெருக்கமாகிக்கொண்டே போகின்றன. தறியின் உறுப்பு இல்லை. ஆனால் தறி வீட்டில் இருந்திருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரணியல்வீடு எழுதியது:

மரவாசம் அண்ணா சொன்னபடி பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.

குமிழில் நசுங்கல் எதுவும் இல்லை. தேய்மானம் தடியின் நடுப்பகுதியில், புள்ளிகளுக்கு நேர் கீழே அடிப்பக்கத்தில் இருக்கிறது. விரல் வைத்துத் தடவினால் சின்னச் சின்னப் பள்ளமாகத் தெரிகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே ஒரு பள்ளம். எல்லாம் ஒரே ஆழமில்லை, இரண்டு மட்டும் மற்றவற்றைவிட நன்றாக ஆழமாக இருக்கின்றன. துளைக்குள் கறுத்த கறை, இரும்புத் துருவாக இருக்கலாம்.

வேணாடு எழுதியது:

தம்பி, இது வெள்ளிக்கோல். எடை போடும் தடி. எனக்கு ஊர் மார்த்தாண்டம். என் சின்ன வயதில் எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். எல்லை தாண்டிக் கேரளத்திலும் இதே பெயர்தான்.

மெல்லிய முனையின் துளையில் கொக்கியோ சிரட்டைத் தட்டோ தொங்கும். தடியை ஒரு கயிற்று வளையத்துக்குள் நுழைத்துத் தூக்குவார்கள். சரக்கைத் தொங்கவிட்டு, தடி படுக்கை மட்டத்தில் நிற்கும்வரை கயிற்றை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். கயிறு எந்தப் புள்ளியில் நிற்கிறதோ அதுதான் எடை. படிக்கல் எதுவும் வேண்டாம். தடியின் அடிப்பக்கத்தில் பள்ளம் விழுந்தது அந்தக் கயிற்றால்தான்.

கடற்கரைக்காற்று எழுதியது:

எடைக்கல் இல்லாமல் எப்படி எடை போட முடியும்? அந்தப் பக்கம் ஒரு கல்லைத் தொங்கவிட்டுத் தள்ளுகிற கோல்தராசு பார்த்திருக்கிறேன். இதில் தள்ள எதுவும் இல்லையே.

நெம்புகோல் எழுதியது:

இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்ப ஆசை, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் கோல்தராசில் தூக்கும் இடம் மாறாது, எடைக்கல் நகரும். ரோமானியர்கள் பரவலாகப் பயன்படுத்தியது அந்த வகைதான். அதில் குறிகள் சம இடைவெளியில் விழும். வெள்ளிக்கோலில் நகர்வது தூக்கும் இடம். எடைக்கல் எங்கே என்றால், தடியேதான் எடைக்கல். அதற்காகத்தான் ஒரு முனையைக் குமிழாக விட்டு உலோகமும் ஊற்றியிருக்கிறார்கள்.

கயிற்றுக்கு ஒரு பக்கம் சரக்கு தொங்குகிறது. மறுபக்கம் தடியின் கனம் இழுக்கிறது. சரக்கு கூடக்கூடக் கயிறு சரக்கின் பக்கம் நகர்ந்தாக வேண்டும். முதலில் நிறைய நகரும், போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். தறிநாடா கவனித்த அந்த நெருக்கத்துக்குக் காரணம் இதுதான். புள்ளிகள் அப்படி நெருங்கியிருப்பதை வைத்தே வேணாடு சொன்னது சரி என்று நினைக்கிறேன். ஆனால் நினைப்பதோடு நிற்க வேண்டாம், சோதித்துப் பார்க்கலாம்.

இரணியல்வீடு தம்பி, மூன்று அளவு வேண்டும். ஒன்று, சமையலறை மின்தராசில் தடியின் எடை. இரண்டு, தடியை ஒரு பென்சிலின் மேல் வைத்துச் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, துளையின் மையத்திலிருந்து அது எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்லுங்கள். மூன்று, அதே துளையிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள தூரம். மில்லிமீட்டர் வரை சரியாக வேண்டும்.

இரணியல்வீடு எழுதியது:

அளந்துவிட்டேன் சார்.

தடியின் எடை 560 கிராம். சாயாமல் நிற்கும் இடம் துளையிலிருந்து 42 செ.மீ. குறிகள் குமிழ்ப் பக்கமிருந்து வரிசையாக: 36.5, 31.0, 27.0, 23.9, 21.4, 19.4, 17.8, 16.4, 15.2 செ.மீ. மொத்தம் ஒன்பது குறி. இதில் 21.4இல் மட்டும் இரட்டைப் புள்ளி, 15.2இல் மூன்று புள்ளி. மற்றதெல்லாம் ஒற்றைப் புள்ளி. அடியில் ஆழமாகத் தேய்ந்த இடங்கள் 27.0க்கும் 21.4க்கும் நேர் கீழே.

ஒரு சந்தேகம். தடி 42இல் சமமாக நிற்கிறது, ஆனால் முதல் குறி 36.5இல் இருக்கிறதே. எடை போடும் கோல் என்றால் ஒன்றும் தொங்காதபோது முதல் குறியில்தானே நிற்க வேண்டும்?

நெம்புகோல் எழுதியது:

நல்ல கேள்வி. அந்த ஐந்தரை செ.மீ.தான் காணாமல் போன தட்டு.

கணக்கு எளிது. 560ஐ 42ஆல் பெருக்கினால் 23,520. இந்த எண்ணை ஒரு குறியின் தூரத்தால் வகுத்தால், கயிறு அங்கே நிற்கும்போது தொங்கும் மொத்தக் கனம் கிடைக்கும்: தடி, தட்டு, சரக்கு எல்லாம் சேர்த்து.

முதல் குறி 36.5. வகுத்தால் 644 கிராம். அதில் தடி 560 போக மீதி 84 கிராம். சரக்கு இல்லாதபோது தொங்கியது அதுதான், தட்டோ கொக்கியோ. தொலைந்துபோன பொருளின் எடையைத் தடி இத்தனை வருடம் கழித்தும் சொல்கிறது பாருங்கள்!

மற்ற குறிகளையும் வகுத்தேன். 759, 871, 984, 1099, 1212, 1321, 1434, 1547 என்று வருகிறது. அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: 115, 112, 113, 115, 113, 109, 113, 113. தூரங்கள் ஒழுங்கில்லாதது போலத் தெரிந்தன. எடையாக மாற்றியதும் எட்டுப் படிகளும் ஏறக்குறைய ஒரே அளவு. சராசரி ஏறக்குறைய 113 கிராம். அலங்காரத்துக்காக வைத்த புள்ளிகள் இப்படி அமையவே அமையாது. இனி எனக்குச் சந்தேகமில்லை, இது எடைக்கோல்.

113 என்ன அளவு என்பதைப் பழைய அளவைகள் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பழையபடி எழுதியது:

கால் ராத்தல். ஒரு ராத்தல், அதாவது ஒரு பவுண்டு, 453.6 கிராம். நாலில் ஒரு பங்கு 113.4. இரட்டைப் புள்ளி நாலாவது படியில் வருகிறது, அது ஒரு ராத்தல். மூன்று புள்ளி எட்டாவது படியில், இரண்டு ராத்தல். அச்சுப் போட்ட மாதிரி பொருந்துகிறது.

வேறு அளவாக இருக்குமா என்றும் பார்த்தேன். சென்னை மாகாணக் கணக்கில் ஒரு பலம் மூன்று தோலா, ஏறக்குறைய 35 கிராம். எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. ஒரு வீசை சுமார் 1.4 கிலோ. 113 இதில் எந்தப் பிரிவிலும் உட்காரவில்லை. இரணியல் அந்தக் காலத்தில் இருந்த திருவிதாங்கூரில் பலமும் துலாமும் தனிக் கணக்கு, சென்னை எண்களை அங்கே அப்படியே போட முடியாது. ஆனால் ராத்தல் எங்கே போனாலும் ராத்தல்தான்.

1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து கிலோ கிராம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அந்த 1956இல்தான், நவம்பர் 1ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டமும் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ராத்தல் குறி போட்ட கோல் என்றால் அந்த மாற்றங்களுக்கு முந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கிலோவுக்கு மாறிய பிறகு ராத்தல் கோலை யாரும் புதிதாகச் செய்யச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

யாழ்முற்றம் எழுதியது:

எங்கட இலங்கையில இறாத்தல் இன்னும் போகேல்லை. கடைக்குப் போனா "ஒரு இறாத்தல் பாண்" என்டுதான் கேட்கிறம். 450 கிராம் பாண். இந்தத் தடியை நான் முன்னம் கண்டதில்லை, வாசிக்க நல்ல சுவாரசியமாக் கிடக்கு. தொடருங்கோ.

மரவாசம் எழுதியது:

எனக்குக் குமிழின் அடியில் இருக்கும் உலோகம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஈயமாகத்தான் இருக்கும், நகத்தால் கீறினால் பளபளப்பு தெரியும். பார்த்துவிட்டுக் கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

என் சந்தேகம் இது. கோலைச் செய்து குறி போட்ட பிறகு, யாரோ ஏமாற்றுவதற்காகக் குடைந்து ஈயம் ஊற்றியிருந்தால்? கடைசல்காரன் முதலிலேயே செய்ததா, பிறகு வந்த வியாபாரி செய்ததா?

நெம்புகோல் எழுதியது:

இதற்கும் அந்த எண்களே பதில் சொல்லும். குமிழில் கனம் கூடினால் 23,520 என்ற எண் கூடும். எல்லாப் படிகளும் அதே விகிதத்தில் பெரிதாகும். படிகள் சமமாகவே இருக்கும், ஒரு படியின் அளவு மட்டும் மாறும். எனவே படிகள் சமமாக இருப்பதை மட்டும் வைத்து ஈயம் எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. படி எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

இப்போது ஈயத்தோடு சேர்த்து எடை போட்டபோது படி கால் ராத்தலுக்கு அரை கிராம் வித்தியாசத்தில் நிற்கிறது. 22 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்ட ஈயம் ஒரே ஒரு செ.மீ. ஆழம் இறங்கியிருந்தாலும் அதன் எடை 43 கிராம். அதை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால் படி 101 கிராமாக இறங்கிவிடும். ஆழம் கூடினால் இன்னும் இறங்கும். ஈயத்தோடுதான் கோல் ராத்தல் கணக்குக்கு வருகிறது. ஈயம் ஊற்றிய பிறகே குறி போட்டிருக்கிறார்கள் என்று கொள்வதே நியாயம்.

பழையபடி எழுதியது:

எதிர்க்கட்சியாக ஒன்று கேட்கிறேன் சார். ஈயம் அரை செ.மீ.யை விடக் கொஞ்சம் கூடுதலான ஆழம் மட்டும் என்று வைத்துக்கொண்டால், அது இல்லாத படி 105 கிராம் பக்கம் வரும். அது சென்னைக் கணக்கில் மூன்று பலம். முதலில் பலக் கோலாக இருந்து, பிறகு ஈயம் ஊற்றி ராத்தல் கோலாக மாற்றியிருக்கலாம் அல்லவா? அது ஏமாற்று இல்லை, அளவை மாறும்போது செய்கிற திருத்தம்.

நெம்புகோல் எழுதியது:

இருக்கலாம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் புள்ளி வைத்திருக்கும் விதம் எனக்கு அதற்கு எதிராகப் படுகிறது. நாலாவது படியில் இரட்டைப் புள்ளி. மூன்று பலப் படி என்றால் அது பன்னிரண்டு பலம். பன்னிரண்டு பலத்துக்குத் தனிக் குறி வைப்பானேன்? எட்டிலோ இருபதிலோ நாற்பதிலோ வைத்தால் அர்த்தமுண்டு. கால், அரை, முக்கால், ஒன்று என்று எண்ணுகிறவன்தான் நாலில் இரட்டைப் புள்ளி வைப்பான்.

பழையபடி எழுதியது:

சரி, அந்தக் காரணம் வலுவானதுதான். ஏற்கிறேன்.

ஆனாலும் ஏமாற்றுப் பேச்சை அப்படியே விட வேண்டாம். இந்த வகைக் கோலுக்குக் கெட்ட பெயர் வந்தது உலகம் முழுக்க. வட ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் இதே அமைப்பு நெடுங்காலம் இருந்தது. ரஷ்யாவில் பெஸ்மென் என்பார்கள். இங்கிலாந்தில் ஆன்செல் என்ற கோலை வியாபாரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று 14ஆம் நூற்றாண்டிலேயே, மூன்றாம் எட்வர்டு காலத்தில், தடை செய்தார்கள். எடை போடுகிறவன் கையிலேயே எல்லாம் இருக்கிறது, எதிரில் நிற்பவனுக்குச் சரிபார்க்க வழியில்லை என்பதுதான் குறை.

நெம்புகோல் எழுதியது:

அந்தக் குறையை எண்ணாகவே சொல்லலாம். இந்தக் கோலில் முதல் குறிப் பக்கம் கயிறு ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் பிழை இரண்டு கிராம்கூட இல்லை. இரண்டு ராத்தல் குறியில் அதே ஒரு மில்லிமீட்டர் பத்து கிராம். கயிறே மூன்று நான்கு மில்லிமீட்டர் மொத்தம் இருந்தால் எந்த ஓரத்தை வைத்து வாசிப்பது என்பதிலேயே சண்டை வரும். சிறிய எடைக்கு நம்பலாம், பெரிய எடைக்குப் போகப்போக நம்பிக்கை குறையும். செய்தவர் இரண்டு ராத்தலோடு நிறுத்திக்கொண்டது அனுபவசாலி செய்த வேலை. அதற்கு மேல் குறி வைக்க மரத்தில் இடம் இருந்தும் அவர் வைக்கவில்லை.

ஈயத்தைக் கூட்டி ஏமாற்றினால் யாருக்கு லாபம் என்பதும் கவனிக்க வேண்டியது. கனம் கூடிய கோலில் ஒரு ராத்தல் குறிக்கு ஒரு ராத்தலுக்கு மேல் சரக்கு வைத்தால்தான் தடி மட்டமாகும். சரக்கை வாங்குகிறவனுக்கு லாபம், விற்கிறவனுக்கு நஷ்டம். குமிழைச் செதுக்கிக் கனத்தைக் குறைத்தால் தலைகீழ்.

வேணாடு எழுதியது:

கணக்கெல்லாம் நன்றாக இருக்கிறது. இந்தக் கோலில் என்ன எடை போட்டார்கள் என்று யாரும் பேசவில்லையே. நான் பார்த்த வீடுகளில் நல்லமிளகு, கருப்பட்டி, புளி என்று பல சரக்கு போட்டார்கள். ஆனால் அவை இதைவிடப் பெரிய கோல்கள்.

தறிநாடா எழுதியது:

நான் முதலிலேயே சொன்னேனே, தறி வீடு என்பதை மறக்காதீர்கள் என்று. ராத்தல் என்ற சொல் வந்ததுமே எனக்கு நூல் ஞாபகம்தான் வந்தது. பஞ்சு நூலின் நம்பரே ராத்தல் கணக்கில்தான். ஒரு ராத்தல் நூலில் 840 கஜச் சிட்டம், அதாவது நூல் சுருள், எத்தனை இருக்கிறதோ அதுதான் நம்பர். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் ஒரு ராத்தலுக்கு நாற்பது சிட்டம். கிலோ வந்து இத்தனை வருடமாகியும் சிட்ட நூல் கட்டு பத்து ராத்தல் கட்டாக, 4.54 கிலோ என்றுதான் வருகிறது.

தேய்மானத்தை மறுபடி பாருங்கள். ஆழமான பள்ளம் 27.0இலும் 21.4இலும். அதாவது அரை ராத்தல், ஒரு ராத்தல். கொண்டுவந்த சரக்கின் எடை என்ன என்று பார்க்கிற கோலாக மட்டும் இருந்திருந்தால் கயிறு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நின்றிருக்கும், பள்ளம் பரவலாக விழுந்திருக்கும். இங்கே கயிற்றை அரையிலோ ஒன்றிலோ வைத்துவிட்டு, தடி மட்டமாகும்வரை சரக்கைக் கூட்டியிருக்கிறார்கள். குறிப்பிட்ட அளவு நிறுத்துக் கொடுக்கிற வேலை. தறிக்காரருக்கு நூல் கொடுக்கிற வேலை அப்படித்தான் இருக்கும்.

தம்பி, தாத்தா நெய்தாரா, நெய்யக் கொடுத்தாரா?

இரணியல்வீடு எழுதியது:

எனக்குத் தெரியவில்லை. நான் பிறப்பதற்கு முன்பே தறியை நிறுத்திவிட்டார்கள். அப்பாவின் மூத்த அக்கா இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கிறேன்.

அதற்குள் சார் சொன்ன கணக்கைக் கையால் சோதித்தேன். ஒரு சிரட்டையில் மூன்று துளை போட்டு நூல் கட்டித் துளையில் தொங்கவிட்டேன். நூலோடு 84 கிராம் வரும்வரை சின்னக் கல் சேர்த்தேன். தடிக்குச் சணல் கயிற்றில் ஒரு வளையம். வெறும் சிரட்டைக்குக் கயிறு முதல் புள்ளியில், 36.5இல், நின்றது. பிரிக்காத அரை கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்தேன். கயிறு 20.5இல் நின்றது, இரட்டைப் புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் கிட்டத்தட்ட நடுவில்.

நெம்புகோல் எழுதியது:

23,520ஐ 20.5ஆல் வகுத்தால் 1147. தடியும் தட்டும் 644 போனால் 503 கிராம். உறையோடு சேர்த்து அரை கிலோப் பொட்டலம் அந்த எடைதான் இருக்கும். இத்தனை வருடம் பரணில் கிடந்த கோல்! மனம் நிறைந்துவிட்டது தம்பி.

மரவாசம் எழுதியது:

இப்போது தச்சர் வேலையைப் பற்றிச் சொல்கிறேன், இதைத் தயவுசெய்து கேளுங்கள். மணல் காகிதம் போடவே கூடாது. புள்ளிகள் மரத்தோடு மட்டமாகத் தேய்ந்திருக்கின்றன, இன்னும் ஒரு தேய்ப்பில் சில உதிர்ந்துவிடும். அடிப்பக்கத்துப் பள்ளங்கள் போனால், அரை ராத்தலும் ஒரு ராத்தலும் அதிகம் நிறுத்தார்கள் என்பதற்கான ஒரே சான்றும் போய்விடும். வார்னிஷும் வேண்டாம். அது மரத்தோடு ஒட்டி நிற்கும், பிறகு எடுக்க மரத்தைச் சுரண்ட வேண்டிவரும். உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து நிழலில் ஆற விடுங்கள். பூச்சி துளைத்திருந்தால் மட்டும் அதற்கு ஏதாவது செய்யலாம்.

மதுரைவாசகி எழுதியது:

அந்தக் குமிழின் கழுத்து வளையங்களும் ஏதாவது அளவா, அழகுக்கா?

மரவாசம் எழுதியது:

அழகுக்குத்தான். கயிறு அங்கே போகவே போகாது, சமமாக நிற்கும் இடமே அதற்கு முன்னால் இருக்கிறது.

இரணியல்வீடு எழுதியது:

அத்தையிடம் கேட்டுவிட்டு வந்தேன். தடியைக் கையில் கொடுத்ததும் மெல்லிய முனையைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "கொக்கி எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார்.

தாத்தா நெய்யவும் செய்தார், நாலைந்து வீடுகளுக்கு நூல் கொடுத்து நெய்து வாங்கவும் செய்தார். நூலைச் சிட்டம் சிட்டமாக இரும்புக் கொக்கியில் மாட்டி எடை போட்டுக் கொடுப்பாராம். துணி திரும்பி வரும்போது அதையும் அதே கொக்கியில் மாட்டி, கொடுத்த நூலுக்கும் வந்த துணிக்கும் கணக்குப் பார்ப்பாராம். கஞ்சி போட்ட துணி கனம் கூடும் என்பதால் அதற்குத் தனியாக ஏதோ கழிப்பார்கள், அது எவ்வளவு என்று அத்தைக்கு ஞாபகம் இல்லை. சிரட்டைத் தட்டு இருந்ததே இல்லை என்று உறுதியாகச் சொல்கிறார். அப்படியானால் சார் கண்டுபிடித்த 84 கிராம் அந்த இரும்புக் கொக்கியின் எடை.

எடை போடும்போது நூல் வாங்குகிறவர் வீட்டுப் பெண்களும் வந்து நிற்பார்களாம். தடி மட்டமாக நிற்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. கயிற்றைத் தாத்தா பிடிப்பார், "சரி" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் இறக்குவார்.

தச்சரிடம் வார்னிஷ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தறிநாடா எழுதியது:

அந்தக் கஞ்சிக் கழிவு எங்கள் வீட்டிலும் பெரிய வாக்குவாதத்துக்குரிய விஷயம். ஈரமான நாளில் நூலே கனம் கூடும், அதற்கும் கழிவு கேட்பார்கள். அத்தை வேறு ஏதாவது சொன்னால் ஒன்று விடாமல் எழுதி வையுங்கள், முடிந்தால் குரலைப் பதிவு செய்யுங்கள். தடி இன்னும் நூறு வருடம் இருக்கும்.

வேணாடு எழுதியது:

இதைப் படித்துவிட்டு மார்த்தாண்டத்தில் என் தங்கை வீட்டுக்குப் போன் செய்தேன். அங்கே ஒரு கோல் இன்னும் இருக்கிறதாம், முக்கால் மீட்டருக்கு மேல் நீளம், தட்டும் இருக்கிறதாம். முனையிலிருந்து முதல் குறி 51 செ.மீ., இரண்டாவது 44, மூன்றாவது 38.5 என்று அளந்து சொன்னாள். இது ராத்தலா, நம் பக்கத்துப் பழைய துலாம் கணக்கா?

நெம்புகோல் எழுதியது:

முனையிலிருந்து வேண்டாம், தட்டு தொங்கும் துளையின் மையத்திலிருந்து அளக்கச் சொல்லுங்கள். தட்டைக் கழற்றிவிட்டுத் தடியின் எடை, அது சமமாக நிற்கும் இடம், தட்டின் எடை மூன்றும் தனித்தனியாக வேண்டும். தட்டு இருப்பதால் இந்த முறை முதல் குறியைக் கணக்குப் போட்டே சரிபார்த்துவிடலாம். எல்லாக் குறிகளையும் அனுப்புங்கள், மூன்றை வைத்து முடிவு சொல்ல மாட்டேன்.